எஸ்எஸ்எச் இணைப்பு அறுந்துகொண்டே இருக்கா? உங்க அனுபவத்தைச் சொல்லுங்க

தூரத்து சர்வர்ல எஸ்எஸ்எச் (பாதுகாப்பா லாகின் பண்ற வழி) மூலமா வேலை செய்றேன். வேலை பார்த்துக்கிட்டே இருந்தா ஒண்ணும் ஆகாது. டீ குடிச்சிட்டு வந்தா, கோட் எழுதுற எடிட்டரான விஎஸ் கோட் "ரீகனெக்டிங்"னு நிக்கும், டெர்மினல்ல ஓடிட்டிருந்த பில்ட் போயிருக்கும். ஆபீஸ்ல எல்லாரும் வைஃபை மேலதான் பழி போட்டாங்க. நான் தனியா ஒரு எஸ்எஸ்எச் ஜன்னலைத் திறந்து, ஒரு எழுத்துகூடத் தட்டாம விட்டு, இடைவெளியைக் கூட்டிக்கிட்டே போய்ப் பார்த்தேன். நாலு நிமிஷம் சும்மா விட்டா இருக்கு, அஞ்சைத் தாண்டினா இல்ல. தப்பாம அதே இடத்துல. வைஃபை இப்படி மணி பார்த்து அறுக்காது.

நடுவுல இருக்கிற ஃபயர்வாலோ, முகவரியை மாத்தி அனுப்புற நாட் (NAT) கருவியோ, ஒவ்வொரு இணைப்பையும் ஒரு அட்டவணையில குறிச்சு வச்சிருக்கும். கொஞ்ச நேரம் டேட்டா பாக்கெட் போகலைன்னா அதை அழிச்சிடும். அமேசான் நாட் கேட்வேயில இது 350 நொடி, அஷ்யூர் லோட் பேலன்சர்ல மாத்தாம விட்டா 4 நிமிஷம். இணைப்பு உயிரோட இருக்கான்னு பார்க்க லினக்ஸ் தானா அனுப்புற டிசிபி கீப்அலைவ் கிளம்புறதோ, மாத்தாம விட்டா 7200 நொடிக்கு அப்புறம். ரெண்டு மணி நேரம்! அதுவரை எந்த ஃபயர்வால் காத்திருக்கும்?

லேப்டாப்ல எஸ்எஸ்எச் கான்ஃபிக்ல சர்வர்அலைவ்இன்டர்வல் 60னு ஒரு வரி சேர்த்தேன். சும்மா இருந்தாலும் நிமிஷத்துக்கு ஒரு சின்ன பாக்கெட் போகும். அதுக்கப்புறம் அறுபடவே இல்ல. பெரிய பில்ட்டை எப்படியும், இணைப்பு அறுந்தாலும் வேலையை ஓடவிடுற டீமக்ஸ்லதான் ஓட்டுறேன்.

*

அண்ணா, அந்த வரியைப் போட்டும் எனக்குச் சரியாகல. வீட்டிலிருந்து விபிஎன் வழியா வர்றேன். லாகின் ஆகும், சின்ன கமாண்ட் எல்லாம் ஓடும். ஒரு பெரிய லாக் ஃபைலை கேட் (cat) கமாண்டால திரையில காட்டச் சொன்னா பாதித் திரையில அப்படியே உறைஞ்சிடும். இந்த "சின்னது போகுது, பெரிசு போகல"தான் துப்பு. பாக்கெட்டை உடைக்கக் கூடாதுன்னு சொல்லி 1472 பைட் பிங் (பதில் வருதான்னு பார்க்கிற சோதனை) அனுப்பினேன், ஹெடர் 28 சேர்த்தா 1500. சத்தமே இல்ல. 1372 போட்டதும் பதில் வந்துச்சு. விபிஎன் தன் ஹெடருக்கு இடம் எடுத்துக்குது; "பாக்கெட் பெரிசு, குறை"ன்னு திரும்பி வரவேண்டிய ஐசிஎம்பி செய்தியை வழியில யாரோ அடைச்சிருக்காங்க. விபிஎன் இன்டர்ஃபேஸ்ல எம்டியூவை (ஒரு பாக்கெட்டோட உச்ச அளவு) 1400 ஆக்கினேன், லாக் முழுசா ஓடுது.

*

எங்க கேஸ்ல நெட்வொர்க் சுத்தம். விஎஸ் கோட் விழும்போது பக்கத்து எஸ்எஸ்எச் ஜன்னல் நல்லா இருந்துச்சு, சந்தேகம் அங்கதான் வந்தது. சர்வரோட கர்னல் செய்திகளைக் காட்டுற டிமெசெக் (dmesg) கமாண்ட்ல பார்த்தா "அவுட் ஆஃப் மெமரி", செத்தது நோட் (Node.js) ப்ராசஸ். விஎஸ் கோட்டோட சர்வர் பக்கம் ஓடுறது அதுதான். 1 ஜிபி ரேம் மெஷின்ல பெரிய டைப்ஸ்கிரிப்ட் ப்ராஜெக்ட்டைத் திறந்தா தாங்காது. 2 ஜிபி வேணும்.

*

தம்பி, எம்டியூவைக் கமாண்ட்ல மாத்தியிருந்தா விபிஎன் மறுபடி ஏறும்போது பழையபடி ஆயிடும். விபிஎன் கான்ஃபிக்லயே எழுதி வச்சிடு.