பீலிக்கரைக் காடு: மரநடுகை நிதி குறித்து

அன்பார்ந்த ஊர் உறவுகளுக்கு வணக்கம்.

ஹட்டனிலும் ஊரிலுமாக இரண்டு கிழமை தங்கித் திரும்பியிருக்கிறேன். சங்க நிதியில் ஆயிரம் மரக்கன்று நடுவோம் என்ற யோசனை பற்றி முடிவெடுப்பதற்கு முன், அங்கே கண்டதை உங்களிடம் சொல்ல விரும்புகிறேன்.

நாம் குளித்து வளர்ந்த, தோட்டத்தின் மேற்பிரிவிலுள்ள பீலியில் (ஊற்றுநீர் விழும் இடத்தில்) இப்போது விரல் தடிப்பில்தான் தண்ணீர் விழுகிறது. அதற்கு மேலே ஓடையின் இருகரையிலும் நின்ற காட்டில், பகலிலும் வெளிச்சம் தரையைத் தொடாது என்பது உங்களுக்கு நினைவிருக்கும். வீதியை அகலப்படுத்த பெக்கோ இயந்திரத்தால் வெட்டிய மண்ணை அந்த ஓடைக்குள்ளேயே தள்ளிவிட்டிருக்கிறார்கள். ஆளுயரத்துக்கு மேல் வளர்ந்திருந்த மரப்பன்னம் (மரம்போல் வளரும் பெரணி) ஒன்று இடுப்புவரை செம்மண்ணில் புதைந்து, காய்ந்த ஓலைகளைத் தொங்கவிட்டபடி நிற்கிறது. சுற்றிலும் மஞ்சள் பூக்களோடு காட்டுச் சூரியகாந்தி மண்டிவிட்டது. பார்வைக்குப் பச்சையாகத்தான் இருக்கிறது. ஆனால் மெக்சிக்கோப் பக்கத்திலிருந்து வந்த அந்தச் செடி மூடிய இடத்தில் நம் காட்டு மரங்களின் கன்றுகள் தலையெடுப்பது கடினம்.

மலையகக் காடுகளின் பெரும்பகுதி கோப்பிக்காக அழிக்கப்பட்டது. 1869 இல் இலைநோய் வந்து கோப்பி வீழ்ந்தபின், அதே நிலங்களில் தேயிலை பரவியது. எஞ்சியவை மலையுச்சிகளிலும் ஓடைக்கரைகளிலும் ஒட்டிக்கொண்டிருந்த காட்டுக் கீற்றுகள்தாம். இன்று நகரம் விரியும்போது முதலில் பலியாவதும் அவையே. தேயிலை நிலம் தோட்ட நிர்வாகத்தின் வசம் இருப்பதால், வீடு, கடை, மரக்கறித் தோட்டம் எல்லாம் யாருக்கும் வேண்டாதவை என்று கருதப்படும் ஓடையோரங்களையும் செங்குத்துச் சரிவுகளையும் தேடிச் செல்கின்றன. நூறு ஆண்டுகளுக்கு மேலாக லயத்தில் (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளில்) முடங்கிய குடும்பம் தனிவீடு கட்ட நிலம் தேடுவதை நான் ஒருபோதும் குறை கூறமாட்டேன். நல்ல நிலத்தை அவர்களுக்குக் கொடுக்காததே குறை.

அந்தக் கீற்றுகள் செய்யும் வேலை பெரிது. உதிர்ந்த இலையும் பாசியும் மழையின் வேகத்தைத் தணித்து நீரை மண்ணுக்குள் இறக்குவதால்தான் மழையற்ற மாதங்களிலும் ஊற்றுக்கண் வற்றாமல் இருக்கிறது. கூரைத்தகடும் கொங்கிறீட்டும் வந்த இடத்தில் அதே மழை ஒரே பாய்ச்சலாக ஓடி, வெட்டுச்சரிவின் மண்ணையும் இழுத்துச் செல்கிறது. நம் முன்னோர் தேயிலை மலையில் கான் (வடிகால்) வெட்டி நீரைக் கட்டுப்படுத்தினார்கள். புதிய குடியிருப்புகளில் அப்படி ஒன்றையும் நான் காணவில்லை. 2014 ஒக்டோபரில் மீரியபெத்தைத் தோட்டத்தில் மண்சரிவால் லயங்கள் மண்ணுக்குள் புதைந்ததை அறிந்த நாம், சரிவில் நீர் எங்கே போகிறது என்பதை அலட்சியம் செய்யலாகாது.

ஆகவே ஆயிரம் கன்று நடுவோம் என்ற யோசனையை அப்படியே ஏற்க என்னால் முடியவில்லை. விரைவாக வளரும் என்பதற்காக டர்பன்டைன் (யூக்கலிப்டஸ்) நட்டால், அது ஊற்றருகே நீரை உறிஞ்சும். முதலில் மேற்பிரிவு ஓடையில் கொட்டிய மண்ணை அகற்றி, ஊற்றைச் சுற்றி வேலியிட்டு, மிஞ்சியிருக்கும் காட்டிலிருந்தே நாவல் இனங்கள், கீனா, காட்டுக் கறுவா ஆகியவற்றின் விதை சேகரித்து ஊரிலேயே நாற்று வளர்க்கலாம். நகரம் வளருமுன் எந்தெந்த மலைமடிப்பில் பீலி இருந்தது என்று நினைவுள்ள மூத்தவர்கள் தயவுசெய்து இடத்தைக் குறித்து எழுதுங்கள். ஊரிலுள்ள இளைஞர்கள் அவற்றை நேரில் போய்ப் பார்க்க ஆயத்தமாக இருக்கிறார்கள்.