சென்னையில் சூப்பர் மார்க்கெட்டுகள் ஏன் நிலைப்பதில்லை?

வேளச்சேரிவாசி: எங்கள் தெருமுனையில் தடபுடலாகத் திறந்த ஒரு பெரிய சூப்பர் மார்க்கெட்டைப் போன மாதம் மூடிவிட்டார்கள். எதிரே அண்ணாச்சி கடையில் வழக்கம்போலக் கூட்டம். அண்ணாச்சி கடன் தருகிறார், போன் போட்டால் பையன் வீட்டுக்கே கொண்டுவருகிறான். இவரை எந்த ஏசி கடையாலும் ஜெயிக்க முடியாது என்பது என் கட்சி. மறுப்பவர்கள் வரலாம்.

கணக்குப்பிள்ளை: மறுக்கிறேன். கடையைக் கொன்றது அண்ணாச்சி இல்லை, வாடகை. மளிகையில் லாபமே மெலிசு. பொட்டலத்தில் எம்ஆர்பி அச்சடித்துவிட்டார்கள், அதற்கு மேல் ஒரு ரூபாய் கேட்க முடியாது. அதற்குள்தான் மெயின் ரோடு வாடகை, ஏசி கரண்ட் பில், சம்பளம், திருட்டு, அழுகல் எல்லாம் அடங்க வேண்டும். அண்ணாச்சி கடையில் கல்லாவில் அவரே உட்காருகிறார், மாலையில் மச்சான். அந்த உழைப்புக்குச் சம்பளம் எழுதினால் அவர் கணக்கும் உதைக்கும்.

அண்ணாச்சிமகன்: சார், எங்கள் அப்பா உழைப்பது உங்களுக்குக் குறையாகத் தெரிகிறதா? நாங்களும் வாடகைக் கடைதான். கம்பெனிக்காரன் ஊரெல்லாம் கிளை வைத்த பெரிய செயின் கடைகளுக்குத் தரும் தள்ளுபடியை எங்களுக்குத் தருவதில்லை. சில சரக்கு நாங்கள் வாங்கும் விலையைவிடக் குறைவாக அங்கே விற்கிறது. அப்படியும் ஆள் எங்களிடம் வருகிறதே, ஏன்? பத்து ரூபாய்க்குக் கடுகு கேட்டால் கட்டிக் கொடுக்கிறோம். சம்பளம் வரும்வரை நோட்டில் எழுதிக்கொள்கிறோம்.

கணக்குப்பிள்ளை: அப்படியானால் சுபிக்‌ஷாவுக்கு என்ன பதில்? 1997-ல் இதே சென்னையில் ஆரம்பித்த கடை. ஏசி கிடையாது, ஆடம்பரம் கிடையாது, குடியிருப்புக்கு நடுவே சின்னச் சின்னக் கடைகள், எம்ஆர்பியில் தள்ளுபடி. ஜனங்கள் அண்ணாச்சியை விட்டு அங்கே போகத்தான் செய்தார்கள். 2008-ல் நாடு முழுக்கச் சுமார் 1,600 கடைகள். 2009 தொடக்கத்தில் மொத்தமாக முடங்கியது. கடன் வாங்கிக் கடை மேல் கடையாகத் திறந்தார்கள். 2008 உலக நிதி நெருக்கடியில் புதுப் பணம் வரவில்லை, சரக்குக்கும் சம்பளத்துக்கும் கொடுக்கக் காசில்லை, அலமாரி காலி. வாடிக்கையாளர் இல்லாமல் அல்ல, வளர்ந்த வேகத்தால் செத்த கடை அது. இங்கே பாதிச் செயின்களுக்கு அந்த வியாதிதான்.

தாம்பரத்துக்காரி: கடைக்குள் நிற்கிறவர்களைப் பற்றி ஒருவரும் பேசவில்லையே! நான் ஒரு செயினில் பில்லிங்கில் இருந்தவள். கடை ஊழியர் உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021-ல்தான் சட்டம் வந்தது. எங்கள் கடையிலும் நாற்காலி வந்தது, உட்கார்ந்தால் சூப்பர்வைசர் முறைப்பார். வேலை பழகியதும் பெண்கள் கிளம்பிவிடுவார்கள். புதிதாக வந்தவளுக்குக் காய்கறிக்குப் பில்லில் அடிக்கும் கோடு நம்பர் தெரியாது, வரிசை வாசல் வரை நிற்கும், வாடிக்கையாளர் கூடையை வைத்துவிட்டுப் போய்விடுவார். இந்த நஷ்டம் உங்கள் கணக்கில் வருமா கணக்குப்பிள்ளை சார்?

ஓஎம்ஆர்க்காரன்: எல்லோரும் கடை வாசலோடு நிற்கிறீர்கள். பிரச்சினை பின்னால் இருக்கிறது. 2012-ல் மத்திய அரசு பல பிராண்ட் சில்லறை வணிகத்தில், அதாவது பல கம்பெனிச் சரக்கை ஒரே கூரையில் விற்கும் கடைகளில், 51% அந்நிய முதலீட்டை அனுமதித்தது, முடிவை மாநிலங்களிடம் விட்டது. தமிழ்நாடு வேண்டாம் என்றது. வரும் பணத்தில் பாதியைக் குளிர்பதனக் கிடங்கு, போக்குவரத்து மாதிரி விஷயங்களில் போட வேண்டும் என்று நிபந்தனை இருந்தது. விட்டிருந்தால் தக்காளி இப்படி லாரியிலேயே நசுங்காது.

அண்ணாச்சிமகன்: உள்நாட்டுப் பெரிய கம்பெனிகளிடம் பணம் இல்லையா ப்ரோ? அவர்கள் கிடங்கு கட்டுவதை யார் தடுத்தது? நாங்கள் விடியுமுன் கோயம்பேட்டில் தக்காளி எடுத்தால் ராத்திரிக்குள் தீர்த்துவிடுவோம், மிஞ்சினால் விலையை இறக்குவோம். அவர்கள் விலையை இறக்க ஹெட் ஆபீஸிலிருந்து மெயில் வர வேண்டும். உண்மையில் எங்களுக்கு இப்போது பயம் பத்து நிமிட டெலிவரி ஆப்கள்தான். எங்கள் நோட்டில் பாக்கி வைத்திருப்பவர் வீட்டு வாசலிலேயே அந்தப் பை கிடக்கிறது.

வேளச்சேரிவாசி: நானும் ஆப்பில் வாங்குகிறேன், மறைப்பானேன். ஆனால் அரிசி மூட்டை இன்னும் அண்ணாச்சியிடம்தான்.

கணக்குப்பிள்ளை: அந்த ஆப்காரர்களுக்குச் சந்துக்குள் கிடங்கு போதும், மெயின் ரோடு வாடகை மிச்சம். மிச்சமானதை டெலிவரி பையனுக்குக் கொடுக்க வேண்டும். அரை லிட்டர் பாலைக் கொண்டுவந்து போட்டு எவன் லாபம் பார்க்கிறான் என்று யாராவது கணக்கோடு சொல்லுங்கள், அப்புறம் பயப்படலாம்.

அண்ணாச்சிமகன்: அவர்களுக்கு லாபம் வரும்வரை முதலீட்டாளர் காசு போடுவார் சார். எங்களுக்கு யார் போடுவார்?