எங்கள் வீட்டுக் குழு: பிஸாலா, நபிஸாலா

கயல்: அத்தை, இங்கே கசானில் இன்று ரஷ்ய வகுப்பு. "கட்டுரை எழுதினாயா?" என்று ஆசிரியை கேட்டார். "பிஸாலா" என்றேன். "சரி, முடித்தாயா?" என்கிறார். முடித்துக் கையிலேயே வைத்திருந்தேன்! "நபிஸாலா" என்று சொல்லியிருக்க வேண்டுமாம்.

அப்பா: இரண்டும் இறந்தகாலம்தானே?

மங்கை அத்தை: ஆமாம் அண்ணா, காலம் ஒன்றுதான். நேற்றா, இன்றா, நாளையா என்பதோடு காலத்தின் வேலை முடிந்தது. இங்கே கேள்வி வேறு: வினையை நடக்கும்போது உள்ளிருந்து பார்க்கிறாயா, முழுதாக வெளியிலிருந்து பார்க்கிறாயா? "பிஸாலா" என்றால் எழுதும் வேலையில் இருந்தாய், அவ்வளவே. முடிந்ததா என்று அந்தச் சொல் சொல்லாது.

கயல்: அதனால்தான் இதற்கு ரஷ்ய மொழியில் "வீத்" என்று பெயரோ! பார்வை, தோற்றம் என்று பொருள்.

செழியன்: எழுதிக்கொண்டிருந்தேன், எழுதிவிட்டேன் மாதிரியா அத்தை?

மங்கை அத்தை: கிட்டத்தட்ட. நாம் துணைவினை சேர்த்துச் சொல்வதை, அவர்கள் பெரும்பாலான வினைகளை இரட்டையாக வைத்துச் சொல்கிறார்கள்.

கயல்: இன்னொன்றுதான் புரியவே இல்லை. "பிஷூ" என்றால் எழுதுகிறேன். "நபிஷூ" என்பதிலும் அதே நிகழ்கால விகுதிதான், பொருளோ எதிர்காலம்!

மங்கை அத்தை: மின்கட்டணம் பற்றி நேற்று உன் அப்பா இந்தக் குழுவில் எழுதியதை மேலே போய்ப் பார்.

கயல்: "நாளை கட்டிவிடுகிறேன்." அட, கிறேன்!

மங்கை அத்தை: அதேதான் கண்ணே! முழுதாக முடிந்ததாகப் பார்க்கும் வினை, நடந்துகொண்டிருக்கும் இந்த நொடிக்குள் அடங்காது. அதனால் முன்னே நகர்ந்துவிடுகிறது.

அப்பா: "விடு" இல்லாமலும் "நாளை வருகிறேன்" என்கிறோமே?

மங்கை அத்தை: நல்ல கேள்வி. "வருகிறேன்" என்பதை நடந்து வந்தபடியே சொல்லலாம், அந்த நேரத்து நடையையே அது குறிக்கும். "இதோ வந்துவிடுகிறேன்" என்பதையும் நடந்தபடியே சொல்லலாம். ஆனால் வந்து சேர்வது இன்னும் முன்னால்தான் இருக்கும்.

தாத்தா: தினமும் ஐந்து மணிக்கு எழுந்துவிடுகிறேன் என்று சொல்கிறேனே மங்கை, அது எதிர்காலம் இல்லையே?

மங்கை அத்தை: இல்லைதான் அப்பா, அது வழக்கம். ஆனால் அதுவும் இந்த நொடியில் நடப்பதைச் சொல்லவில்லை, பாருங்கள். ரஷ்ய மொழி இங்கே நம்மைவிட்டு விலகுகிறது. அன்றாட வழக்கத்துக்குப் பொதுவாக "பிஷூ" பக்கத்து வினைதான் வரும்.

கயல்: அடுத்த கட்டுரை வெள்ளிக்கிழமைக்குள் வேண்டுமாம். "நபிஷூ" என்று ஆசிரியைக்கு இப்போதே செய்தி அனுப்புகிறேன்.