மறுமொழி: வெளிநாட்டு உதிரிபாகங்களும் சுங்கமும் – விலைக்கு ஒரு சொல், மதிப்புக்கு ஒரு சொல்

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

வெளிநாட்டிலிருந்து கார் உதிரிபாகம் வரவழைப்பவர்களுக்கான கையேட்டில் ‘லேண்டட் காஸ்ட்’ (கூலி, வரி எல்லாம் சேர்த்துச் சாமான் கைக்கு வந்துசேரும்போது ஆகும் மொத்தச் செலவு) என்பதைத் தமிழில் எப்படிச் சொல்வது என்று திருச்சி நண்பர் கேட்டிருந்தார். இதுவரை கரைவிலை, இறக்குவிலை, வந்துசேர்விலை, உல்குவிலை, சுங்கமதிப்பு என ஐந்து சொற்கள் வந்துள்ளன. ஒரு வாரமாக இவற்றை மனத்தில் போட்டுப் பார்த்தேன். முதல் நான்கும் ஒரு பொருளைக் குறிக்கின்றன. ஐந்தாவது முற்றிலும் வேறொன்றைக் குறிக்கிறது. இரண்டையும் ஒரே சொல்லில் அடைக்கப் பார்ப்பதால்தான் நம் பேச்சு முடிவுக்கு வராமல் நீள்கிறது என்பது என் எண்ணம். அதை ஒரு சீட்டைக் கொண்டு விளக்க அனுமதி வேண்டுகிறேன்.

என் மருமகன் நாகர்கோவில் வெட்டூர்ணிமடத்தில் கார் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறார். இந்தியாவில் விற்பனை நின்றுபோன ஒரு ஜப்பானிய காருக்கு ஸ்டீயரிங் ரேக் கசிந்தது; உள்ளூரில் கிடைக்காததால் துபாயிலிருந்து வரவழைத்தார். பெட்டியைப் பிரித்தபோது நானும் அருகில் இருந்தேன். துருப்பிடிக்காமலிருக்க எண்ணெய்த் தாள் சுற்றி, குழாய் வாய்கள் இரண்டையும் சிவப்பு மூடியால் அடைத்து அனுப்பியிருந்தார்கள். பெட்டியின் மேல் ஒட்டிய உறைக்குள் இரண்டு தாள்கள் இருந்தன. ஒன்று விற்றவரின் பட்டியல்: சாமான் 16,000 ரூபாய், விமானக் கட்டணம் 4,000 ரூபாய். மற்றொன்று சுங்கக் கணக்கு: ‘அசெஸபிள் வேல்யூ’, அதாவது தீர்வை கணக்கிட அடித்தளமாக எடுத்துக்கொள்ளும் மதிப்பு, 19,380 ரூபாய். மருமகன் இரண்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, “சாமானும் கூலியும் சேர்த்தா 20,000. சாமான் மட்டும்னா 16,000. இந்த 19,380 எங்கெயிருந்து வந்தது மாமா?” என்று கேட்டார்.

அந்தக் கேள்விக்கு விடை சொல்லும் சொல்லே நமக்கு வேண்டியது.

சுங்கச் சட்டம், 1962இன் 14ஆவது பிரிவும் 2007ஆம் ஆண்டின் மதிப்பு நிர்ணய விதிகளும் சொல்வது இது. தீர்வை கணக்கிட வேண்டியது வாங்கிய விலையின்மேல் மட்டும் அன்று. அந்த நாட்டில் ஏற்றிவிடும்வரையான விலையோடு (இதை ஏற்றுவிலை என்கிறேன்), இங்கே வந்துசேரும் கூலியையும் காப்புறுதியையும் சேர்த்த தொகையின்மேல். காப்புறுதித் தொகை இன்னதென்று தெரியாவிட்டால் ஏற்றுவிலையில் 1.125 விழுக்காட்டைக் கூட்டிக்கொள்வார்கள். கூலி தெரியாவிட்டால் 20 விழுக்காடு. விமானத்தில் வந்த சரக்குக்கு உண்மையான கூலி எவ்வளவு அதிகமாக இருந்தாலும், மதிப்பில் சேர்வது ஏற்றுவிலையின் 20 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. ஆகவே மருமகன் கொடுத்த 4,000 ரூபாய்க் கூலியில் 3,200 ரூபாய் மட்டுமே கணக்கில் ஏறிற்று. அவர் எடுக்கவே எடுக்காத காப்புறுதிக்கு 180 ரூபாய் ஏறிற்று. 16,000, 3,200, 180 ஆகிய மூன்றையும் கூட்டினால் 19,380. வெளிநாட்டு நாணயத்தை ரூபாயாக மாற்றும் வீதம்கூட சுங்க வாரியம் அறிவிக்கும் வீதம்தான். நம் வங்கி அன்று பிடித்துக்கொண்ட வீதம் அன்று.

ஆக, கொடுத்த பணத்தில் ஒரு பகுதி இதில் இல்லை. கொடுக்காத பணம் ஒன்று இதில் இருக்கிறது. இதை எந்தக் கடைக்காரரும் ‘விலை’ என்று சொல்லமாட்டார். விலை என்பது ஒருவர் கேட்க மற்றொருவர் கொடுப்பது. இது சட்டம் வகுத்த முறையில் ஒரு பொருளுக்கு வைக்கப்படும் மதிப்பு. எனவே இச்சொல்லின் ஈற்றில் ‘மதிப்பு’ என்றே நிற்க வேண்டும். சுங்கமதிப்பு என்று எழுதிய மதுரை அம்மையார் இந்த இடத்தில் மிகச் சரியாகத் தொட்டிருக்கிறார்.

மீதிக் கணக்கையும் முடித்துவிடுகிறேன். அந்த ரேக், சுங்கத் தீர்வைப் பட்டியலின் வகைப்பாட்டு எண்களில் 8708 என்ற தலைப்பின்கீழ் வருவது. எந்த நாட்டில் செய்தது என்று காட்டும் தோற்றச் சான்று இல்லாமல் வந்ததால் சலுகை வீதம் எதுவும் பொருந்தவில்லை. 19,380 ரூபாய்க்கு 15 விழுக்காடு அடிப்படைச் சுங்கத் தீர்வை 2,907 ரூபாய். அந்தத் தீர்வையின்மேல் 10 விழுக்காடு சமூகநல மேல்வரி 290.70 ரூபாய். இவ்விரண்டையும் மதிப்போடு கூட்டி வரும் 22,577.70 ரூபாயின்மேல் 18 விழுக்காடு ஒருங்கிணைந்த சரக்கு மற்றும் சேவை வரி 4,063.99 ரூபாய். மொத்தம் 7,261.69 ரூபாய், அதாவது மதிப்பில் 37.47 விழுக்காடு. 15, 10, 18 ஆகியவற்றைக் கூட்டி 43 என்று எண்ணுபவர்களும் உண்டு, முதலையும் கடைசியையும் மட்டும் கூட்டி 33 என்று எண்ணுபவர்களும் உண்டு. இரண்டுமே தவறு, ஏனெனில் ஒவ்வொரு அடுக்கும் வேறொரு தொகையின்மேல் நிற்கிறது. (2025 செப்டம்பர் 22க்கு முன்பு கடைசி அடுக்கு இத்தகைய பாகத்துக்கு 28 விழுக்காடாக இருந்தது, அப்போது இதே ரேக்குக்கு 49.12 விழுக்காடு ஆகியிருக்கும். பழைய கணக்குகளை இணையத்தில் பார்த்துக் குழம்புபவர்களுக்காக இதைக் குறித்து வைக்கிறேன்.)

இனி ‘லேண்டட் காஸ்ட்’. கரைவிலை என்ற சொல் எனக்கும் பிடித்திருந்தது. ஆனால் குளச்சலிலோ முட்டத்திலோ அதைச் சொன்னால், கரையில் ஏலம் போகும் மீனின் விலையைத்தான் கேட்பவர் நினைப்பார். மேலும் மருமகனின் பெட்டி கரையைக் காணவே இல்லை. திருவனந்தபுரம் விமான நிலையம் வழியாக வந்தது. இறக்குவிலையிலும் சிக்கல் உண்டு. 2017 செப்டம்பர் வரை இறக்குகூலி என்ற பெயரில் 1 விழுக்காடு மதிப்போடு கூட்டப்பட்டு வந்தது. அந்தப் பழைய ஆவணங்களைப் படிப்பவர் இரண்டையும் ஒன்றாக எண்ணிவிடக் கூடும்.

சுங்கத்தைக் குறிக்கும் உல்கு என்பது குறளில் 756ஆம் பாடலிலேயே அரசனின் வருவாய்களில் ஒன்றாக வரும் அரிய சொல். அதன்மேல் எனக்கு மிகுந்த பற்று உண்டு. பிரிட்டிஷ் இந்திய அரசோடு செய்த 1865ஆம் ஆண்டு வணிக உடன்படிக்கைக்கு முன்பு திருவிதாங்கூருக்குள் தரைவழி வந்த சரக்குக்கு எல்லையில் சுங்கம் வாங்கிய நாடு எங்களுடையது. அந்தச் சாவடியை எங்கள் முன்னோர் சவுக்கை என்றனர். உல்கு என்ற சொல் அவர்கள் வாயிலும் வழங்கவில்லை. வண்டிக்கு அடியில் படுத்துக்கொண்டு கணக்குக் கேட்கும் ஒருவருக்காக நாம் எழுதுகிறோம் என்றால், முதலில் உல்கு என்றால் என்ன என்று விளக்கிவிட்டுப் பிறகு வரியை விளக்கும் சுமையை அவர்மேல் ஏற்றக் கூடாது.

புதிதாக ஒரு சொல்லைப் படைக்கவே வேண்டியதில்லை என்பது என் துணிபு. கோட்டார் சந்தையில் மொத்தக் கடை வைத்திருப்பவர், லாரி வாடகை, ஏற்றுகூலி, இறக்குகூலி எல்லாம் சேர்த்துத் தன் கைக்கு வரும்போது சாமான் எவ்வளவில் நிற்கிறது என்பதை ‘அடக்கம்’ என்கிறார். “நமக்க அடக்கமே அவ்வளவு வருது அண்ணாச்சி” என்ற பேச்சைக் கேட்காமல் ஒரு நாள் வியாபாரம் நடவாது. அடக்கவிலை என்ற இந்தச் சொல்லில் ‘எல்லாம் உள்ளடங்கியது’ என்ற பொருள் தானாகவே நிற்கிறது. லாரி இருந்த இடத்தில் விமானமும் சுங்கமும் வந்து உட்கார்ந்திருக்கின்றன, அவ்வளவே. தேவைப்படும் இடத்தில் ‘இறக்குமதி அடக்கவிலை’ என்று விரித்துக்கொள்ளலாம்.

அடக்கம் ஆளுக்கு ஆள் மாறும் என்பது இச்சொல்லுக்கு இன்னொரு வலிமை. சரக்கு மற்றும் சேவை வரிப் பதிவு உள்ள மருமகன் அந்த 4,063.99 ரூபாயை உள்ளீட்டு வரி வரவாக எடுத்து, தாம் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்ள முடியும். அவருக்கு அடக்கம் 23,197.70 ரூபாய். பதிவு இல்லாத ஒருவர் இதே கணக்கில் வரவழைத்திருந்தால் அவருக்கு அடக்கம் 27,261.69 ரூபாய். மதிப்போ இருவருக்கும் 19,380தான். (தனிமனிதர் சொந்தப் பயன்பாட்டுக்குத் தபாலிலோ கூரியரிலோ வரவழைத்தால் பெரும்பாலும் 9804 என்ற தலைப்பில் தனி வீதம் போடுவார்கள், கையேட்டில் அதற்குத் தனிப் பத்தி வேண்டும்.)

தீர்வை, வரி, மேல்வரி ஆகிய மூன்றையும் பிரித்தே எழுத வேண்டும் என்பதையும் வலியுறுத்துகிறேன். முத்திரைத் தீர்வை, ஆயத்தீர்வை என்று ஏற்கெனவே ஆட்சித் தமிழில் வழங்குவதால் ‘டியூட்டி’க்குத் தீர்வை பொருந்தும். வரியின்மேல் ஏறும் வரிக்கு மேல்வரி என்று கிராமக் கணக்கிலேயே தல மேல்வரி என்ற முன்மாதிரி இருக்கிறது. 2018 முதல் வாங்கப்படும் சமூகநல மேல்வரி சரக்கின் மதிப்பின்மேல் அன்று, தீர்வையின்மேல் ஏறுவது. ‘கூடுதல் வரி’ என்று எழுதினால் அந்த நுட்பம் போய்விடுகிறது.

எனவே என் முன்மொழிவு: ‘அசெஸபிள் வேல்யூ’ = தீர்வைமதிப்பு. ‘லேண்டட் காஸ்ட்’ = அடக்கவிலை. குழுவினர் குறை கண்டால் தயங்காமல் சொல்ல வேண்டுகிறேன்.

அன்புடன்,
தக்கலையிலிருந்து, ஓய்வுபெற்ற வணிகவியல் ஆசிரியர்

—

அன்புள்ள குழுவினருக்கு,

மறுமொழிகள் இரண்டுக்கும் நன்றி.

யாழ்ப்பாணத்துச் சகோதரி, இலங்கையில் சுங்கத் தீர்வை, தீர்வையற்ற கடை என்றெல்லாம் அன்றாட வழக்கிலேயே இருப்பதை நினைவூட்டியிருக்கிறார். கடலுக்கு இரு கரையிலும் ஒரே சொல் நிற்பது பெரும் வசதி.

தூத்துக்குடியில் கிளியரிங் வேலை பார்க்கும் அண்ணாச்சி எழுதியதுதான் என்னை இரண்டு நாள் யோசிக்க வைத்தது. அவர் எழுதியதை அப்படியே தருகிறேன்:

> தீர்வைமதிப்பு என்று எழுதிக் கொடுத்தால் பாதிப் பேர் அதைத் தீர்வையின் மதிப்பு, அதாவது கட்ட வேண்டிய தொகை என்று படிப்பார்கள். என் மேசைக்கு வருபவர் 19,380 ரூபாயைப் பார்த்து, இவ்வளவு வரியா என்று பதறிப் போவார்.

அண்ணாச்சி சொல்வது முற்றிலும் சரி. நிலமதிப்பு என்றால் நிலத்தின் மதிப்பு, வீட்டுமதிப்பு என்றால் வீட்டின் மதிப்பு. இந்த வாய்பாட்டில் பழகிய காது தீர்வைமதிப்பை வேறு விதமாகக் கேட்காது. நான் சுருக்கத்துக்கு ஆசைப்பட்டு வேற்றுமை உருபை விழுங்கியதால் வந்த பிழை இது. உருபைத் திருப்பிக் கொடுத்தால் ‘தீர்வைக்குரிய மதிப்பு’ என்றாகிறது. கொஞ்சம் நீளம்தான்; ஆனால் பதற்றமில்லாமல் படிக்கலாம். மதுரை அம்மையாரின் சுங்கமதிப்புக்கு இந்தக் குறை இல்லை என்றாலும், மேல்வரியும் கடைசி அடுக்கும் சுங்கத்தில்தான் வாங்கப்படுகின்றன என்பதால், எந்த அடுக்கின் அடித்தளம் இது என்பது அதில் தெளிவாகவில்லை. ‘வரிக்குரிய மதிப்பு’ என்று மாற்றலாமே என்றும் அண்ணாச்சி கேட்கிறார். அது கடைசி அடுக்கின் அடித்தளத்துக்கு, அதாவது நம் கணக்கில் 22,577.70 ரூபாய்க்கு, வேண்டியிருக்கும்; அதற்கென விட்டுவைப்போம். தீர்வைக்குரிய மதிப்பு 19,380, வரிக்குரிய மதிப்பு 22,577.70 என்று அடுத்தடுத்து எழுதினால் ஏணியின் படிகள் கண்ணுக்குத் தெரிகின்றன.

ஆகவே கையேட்டுக்கு இவ்வாறு எழுதி அனுப்புகிறேன்:

தீர்வைக்குரிய மதிப்பு: ஏற்றுவிலையோடு, விதிப்படி சேர்க்க வேண்டிய கூலியையும் காப்புறுதியையும் கூட்டி, சுங்க வாரியம் அறிவித்த நாணய வீதத்தில் ரூபாயாக்கிய தொகை. அடிப்படைச் சுங்கத் தீர்வை இதன்மேல் கணக்கிடப்படும்.

அடக்கவிலை: விலை, உண்மையில் கொடுத்த கூலி, காப்புறுதி எடுத்திருந்தால் அதன் தொகை, திரும்பப் பெற முடியாத தீர்வையும் வரிகளும், கூரியர்காரரின் கையாள்கூலி ஆகிய எல்லாம் சேர்ந்து, சாமான் வாங்கியவர் கையில் நிற்கும் தொகை. (மருமகனின் சீட்டில் கையாள்கூலி தனியாக வந்ததால் முந்தைய மடலில் அதைக் கூட்டவில்லை.)

வகைப்பாட்டு எண்ணுக்கான சொல் இன்னும் முடிவாகவில்லை. காரில் பொருந்துவதெல்லாம் 8708 அன்று: ஸ்பார்க் பிளக் 8511, முகப்பு விளக்கு 8512, பால் பேரிங் 8482, ரப்பர் சீல் 4016. வகை மாறினால் வீதமும் மாறக் கூடும். மருமகன் அடுத்து அதே காருக்கு ஸ்டீயரிங் ஹோஸ் வரவழைக்கிறார். அது 4009இல் ஏறுமா, காரின் பாகமாக 8708இல் ஏறுமா என்று விற்பவரிடம் இப்போதே கேட்டிருக்கிறார். அந்தச் சீட்டு வந்ததும் இதற்குத் தனி இழை தொடங்குகிறேன். அண்ணாச்சி அப்போது தம் மேசையில் வழங்கும் சொல்லையும் எழுத வேண்டுகிறேன்.

அன்புடன்,
தக்கலையிலிருந்து