மறு: எலும்பினுள் கரையும் உலோகங்கள் – கலைச்சொல் வேண்டும்

அன்புடையீர், வணக்கம்.

இழை நீண்டுவிட்டது. முறிந்த எலும்பைப் பிடித்து நிறுத்தி, எலும்பு கூடியபின் உடலுக்குள்ளேயே இல்லாமல் போகும் மெக்னீசியத் தகடு, திருகாணி போன்ற உள்வைப்புகள் பற்றியது கட்டுரை. அதில் வரும் ‘கொரோஷன் ரெசிஸ்டன்ஸ்’ (சுற்றியுள்ள நீரும் உப்பும் உலோகத்தை வேதிவினையால் தின்பதற்கு அது ஈடுகொடுப்பது) என்பதற்குத் தமிழ் கேட்டிருந்தார்கள். வந்த பரிந்துரைகளை எடுத்துக்கொண்டு என் கருத்தைச் சொல்கிறேன்.

> “அரிப்பு எதிர்ப்பு” போதுமே, எல்லோருக்கும் புரியுமே?

பாலத்தையோ கப்பலையோ பற்றிய கட்டுரை என்றால் போதும். மருத்துவ எழுத்தில் அரிப்பு என்றால் தோலரிப்புதான் முதலில் நினைவுக்கு வரும். “உள்வைப்பின் அரிப்பைக் குறைக்கும் பூச்சு” என்று எழுதினால், தழும்பின் மேல் தடவும் களிம்பு என்றே நோயாளி எடுத்துக்கொள்வார். அறுவைக்குப்பின் கையில் தரும் அறிவுரைத் தாளில் இந்தக் குழப்பம் வரவே கூடாது. தமிழ்நாட்டுப் பள்ளி வேதியியல் நூல்களில் ‘உலோக அரிமானம்’ ஏற்கெனவே வேரூன்றியிருக்கிறது. அதையே எடுத்துக்கொள்வோம்.

> அப்படியானால் “அரிமானத் தடுப்பு” என்று முடித்துவிடலாம்.

இங்குதான் உடன்பட முடியவில்லை. தடுப்பு என்றால் நடக்கவே விடாமல் செய்வது. இந்த உலோகமோ அரிமானத்துக்கு உள்ளாகியே தீர வேண்டும். அதற்காகத்தான் அதைத் தேர்ந்தெடுக்கிறார்கள். டைட்டானியத்தையோ துருப்பிடிக்காத எஃகையோ வைத்தால், பலருக்குப் பின்னாளில் அதை எடுக்க இன்னொரு அறுவை வேண்டியிருக்கிறது. மேலும் எஃகின் மீள்தன்மைக் குணகம் (விறைப்பின் அளவு) ஏறத்தாழ 200 கிகாபாஸ்கல், டைட்டானியக் கலவைகளுடையது 110 அளவில், மெக்னீசியத்துடையது 45 அளவில். எலும்பின் கெட்டியான புறப்பகுதிக்கு அது இன்னும் குறைவு, 20-ஐ ஒட்டி வரும். தகடு எலும்பைவிட மிக விறைப்பாக இருந்தால் சுமையைத் தானே வாங்கிக்கொள்ளும்; வேலையில்லாத எலும்பு மெலியும். விறைப்பில் எலும்புக்கு நெருங்கி வருவது மெக்னீசியம்தான்.

அது கரைகிற வேகத்தில்தான் சிக்கல். நீரோடு வினைபுரிந்து மெக்னீசியம் ஹைட்ராக்சைடாகவும் ஹைட்ரஜனாகவும் மாறுகிறது. ஹைட்ராக்சைடு மேற்பரப்பில் படலமாகப் படிந்து கொஞ்சம் காக்கும். ஆனால் இரத்தத்தில் லிட்டருக்கு ஏறக்குறைய 100 மில்லிமோல் குளோரைடு இருக்கிறது. அது அந்தப் படலத்தைக் கரையக்கூடிய குளோரைடாக மாற்றி உடைத்துக்கொண்டே இருக்கும். ஒரு கிராம் மெக்னீசியம் முழுதும் கரைந்தால் உடல் வெப்பநிலையில் சுமார் ஒரு லிட்டர் ஹைட்ரஜன் வெளிவரும். மெல்ல வந்தால் திசுக்கள் அதை உள்வாங்கி அகற்றிவிடும். வேகமாக வந்தால் தோலுக்கடியில் வாயு கட்டிக்கொள்ளும்.

இதற்கு வரலாறே சான்று. 1900-களின் தொடக்க ஆண்டுகளில் பெல்ஜிய அறுவை மருத்துவர் லாம்பொத் ஒரு கால் முறிவை மெக்னீசியத் தகட்டால் பொருத்தினார். ஆணிகள் தங்கமுலாம் பூசிய எஃகு. எட்டே நாளில் தகடு சிதைந்து வாயு திரண்டது. இரு வேறு உலோகங்கள் உப்புநீரில் தொட்டுக்கொண்டால் மின்கலம் உருவாகி, வினைத்திறன் கூடியது பலியாகும். (இந்த வகைக்கு ‘இணையுலோக அரிமானம்’ என்று ஒரு சொல்லையும் முன்வைக்கிறேன். ‘கால்வானிக்’ என்ற ஆங்கிலப் பெயரில் ஓர் அறிவியலாளரின் பெயர் தெரிகிறது, நிகழ்வு தெரிவதில்லை.)

ஆக, எலும்பு கூட எடுக்கும் மூன்று நான்கு மாதம் உலோகம் நிற்க வேண்டும். அதன்பின் போய்விட வேண்டும். இப்படிக் கெடுவரை நிற்பதற்குத் தமிழில் நாம் அன்றாடம் சொல்லும் சொல் ‘தாக்குப்பிடித்தல்’. “அந்தப் பழைய கூரை இந்த மழைக்காலம்வரை தாக்குப்பிடிக்கும்” என்கிறோம். தாக்குதலும் அதில் இருக்கிறது, கால அளவும் இருக்கிறது. ‘எதிர்ப்பு’, ‘தடை’, ‘தடுப்பு’ மூன்றிலும் காலம் இல்லை. எனவே என் பரிந்துரை: அரிமானத் தாக்குப்பிடிப்பு.

> பேச்சுவழக்காக இருக்கிறதே, “தாங்குதிறன்” கண்ணியமாக இருக்காதா?

ஐயா, பொதுவாக உங்கள் பக்கம்தான் நான். ஆனால் எலும்புத் தகட்டில் ‘தாங்குதிறன்’ என்றால் சுமைதாங்குதிறன் என்ற பொருள் முந்திக்கொள்ளும். ஒரே பத்தியில் இரண்டும் வரும் கட்டுரை இது. பேச்சிலிருந்து வந்தது என்பதைக் குறையாக நான் பார்க்கவில்லை; மாணவர் முதன்முறை படிக்கும்போதே பொருள் பிடிபட்டுவிடும்.

வாக்கியங்களில் வைத்துச் சோதித்தேன். “இரும்பு மாசு பத்து லட்சத்தில் 170 பங்கைத் தாண்டினால் தூய மெக்னீசியத்தின் அரிமானத் தாக்குப்பிடிப்பு சட்டெனச் சரிகிறது.” “சிறிதளவு கால்சியமோ துத்தநாகமோ கலந்து, அச்சுத்துளை வழியே பிதுக்கி, உலோகத்தின் படிக மணிகளை நுண்ணியதாக்கினால் தாக்குப்பிடிப்பு கூடும்.” “ஃபுளோரைடு படலம் தாக்குப்பிடிப்பை நீட்டிக்கிறது.” உறுத்தவில்லை. இரண்டாவதில் கால்சியம் அளவு மீறினால் விளைவு தலைகீழாகும் என்பதையும் கட்டுரையாசிரியர் சேர்க்க வேண்டும்; கூடுதல் கால்சியம் வேறு இயல்புள்ள தனிச் சிறு பகுதிகளாகப் பிரிந்து, உள்ளுக்குள்ளேயே சிறு மின்கலங்களை உண்டாக்கிவிடும்.

பூச்சுகளில் ஒன்றுக்கு மட்டும் புதுச்சொல் தேவைப்படுகிறது. மின்பகு கரைசலில் உயர் மின்னழுத்தம் தந்து, மேற்பரப்பெங்கும் நுண்பொறிகள் தெறிக்க, பீங்கான் போன்ற ஆக்சைடு அடுக்கை வளர்க்கும் முறை அது. ‘மின்பொறி ஆக்சைடாக்கம்’ எனலாம். அந்த அடுக்கில் நுண்துளைகள் நிறைய உண்டு. அவற்றை அடைக்க மேலே கால்சியம் பாஸ்பேட்டோ பாலிலாக்டிக் அமிலம் என்ற நெகிழியோ பூசுகிறார்கள். ‘துளையடைப்பு’ அதற்குப் போதும்.

> உலோகத்துக்கு “மக்கும் உலோகம்”?

அம்மா, மக்குவது நுண்ணுயிர்களின் வேலை. எலும்புக்குள் நுண்ணுயிர் இருந்தால் அது தொற்று. ‘உயிரிச்சிதைவு’ என்பதும் திசு அழுகுவதுபோல் ஒலிக்கிறது. தானாகக் கரையும் தையல் என்று மருத்துவமனைகளில் சொல்லிப் பழகிவிட்டோம். அதன் வழியில் ‘கரையும் உலோகம்’, ‘கரையும் உள்வைப்பு’ என்றே எழுதலாம். சர்க்கரைபோல் கரைவதில்லையே என்று வேதியியலார் கேட்பார்கள். தமிழில் கையிருப்பும் கரைகிறது, உடம்பும் கரைகிறது. அளவு குறைந்து இல்லாமல் போவதெல்லாம் அச்சொல்லுக்குள் அடங்கும். இங்கே அயனியாக வெளிவரும் மெக்னீசியத்தின் மிகுதியைச் சிறுநீரகம் அகற்றிவிடுகிறது என்பதால் பொருளும் பொருந்துகிறது. வினைத்தொகையாகச் சுருக்கி ‘கரையுலோகம்’ ஆக்க வேண்டாம், கடற்கரையை நினைவூட்டும்.

எஞ்சியிருப்பது ஓர் இணை. மேற்பரப்பு முழுதும் ஒரே அளவில் தேய்வதற்குச் ‘சீரரிமானம்’, ஓரிடத்தில் குழிபறித்து இறங்குவதற்குக் ‘குழியரிமானம்’ என்கிறேன். இவ்வேறுபாடு முக்கியம்: சராசரி வீதம் குறைவாக இருந்தாலும், திருகாணியின் கழுத்தில் ஒரே ஒரு குழி ஆழமாகப் போனால் அது முறிந்துவிடும். ‘சீரரிமானம்’ என்பதைச் சீர் + அரிமானம் என்று எல்லோரும் பிரித்துப் படிப்பார்களா, ‘சீரான அரிமானம்’ என்று விரித்தே எழுதுவது மேலா? ஆசிரியப் பணியில் இருப்பவர்கள் சொல்லுங்கள். அதன்படி பட்டியலைத் திருத்தி அனுப்புகிறேன்.