வீட்டுக் கம்ப்ரசரில் சைக்கிளுக்குக் காற்றடிப்பது குறித்து ஆலோசனை தேவை

அனைவருக்கும் வணக்கம். பெயின்ட் அடிப்பதற்காக வாங்கிய 24 லிட்டர் கம்ப்ரசரைக் கொண்டே வீட்டிலுள்ள இரண்டு சைக்கிள்களுக்கும் காற்றடித்து வருகிறேன். மகளின் கியர் சைக்கிளில் பைக்கில் உள்ள அதே வகை வால்வு இருப்பதால், டயரின் பக்கவாட்டில் அச்சிட்டுள்ள 40 முதல் 65 பிஎஸ்ஐ என்ற காற்றழுத்த வரம்புக்குள் மீட்டரைப் பார்த்து நிறுத்திவிட முடிகிறது.

அப்பா இன்றும் ஓட்டும் பழைய சைக்கிள்தான் எனக்குக் கவலை தருகிறது. அதன் வால்வு, உள்ளே சிறு ரப்பர் குழாய் மாட்டிய பழைய வகை என்பதால் காற்று உள்ளே போகுமே தவிரத் திரும்பி வராது. ஆகவே மீட்டர் காட்டுவது ஹோஸில் உள்ள அழுத்தமே அன்றி டியூபில் உள்ளது அன்று. தொட்டியில் 8 பார், அதாவது ஏறத்தாழ 116 பிஎஸ்ஐ நிற்கும்போது, அந்தச் சிறிய டியூபில் சில நொடிகளிலேயே அளவு மீறிவிடுகிறது. சென்ற வாரம் ஒரு டியூப் வெடித்தேவிட்டது. நல்லவேளையாக அப்பா அருகில் இல்லை.

கம்ப்ரசரிலிருந்து வரும் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரை 45 பிஎஸ்ஐ அளவில் வைத்து, ஹோஸை இந்த வால்வுடன் இணைக்கும் அடாப்டர் வழியாகச் சிறிது சிறிதாக நிறுத்தி நிறுத்தி அடித்தால் போதுமா? அல்லது பைக் வகை வால்வுள்ள டியூபுக்கே மாறிவிடுவது நல்லதா? அப்படி மாற்றியவர்கள், ரிம்மின் துளையில் அது சரியாகப் பொருந்தியதா என்பதையும் தெரிவித்தால் மிகவும் உதவியாக இருக்கும்.