பத்து வருஷ லேப்டாப், பல்லி மாதிரி சத்தம்: ஹார்ட் டிஸ்கை எடுத்துட்டு எஸ்எஸ்டி நானே போடலாமா?

காப்பித்தோட்ட ரைட்டர்:

வணக்கங்க. ஏற்காட்டுல நாகலூர் பக்கம் ஒரு காப்பி எஸ்டேட்ல ரைட்டரா இருக்கேன். செக்ரோல் (ஆளுங்க வருகைப் பதிவு), பழம் எடுத்த எடை, வாரச் சம்பளம், மிளகுக் கணக்கு எல்லாம் ஒரே லேப்டாப்லதான். 2016ல பொண்ணு காலேஜ் சேர்றப்போ வாங்கினது. அவ வேலைக்குப் போனதும் எனக்கு வந்துருச்சு. ஐ3 ஆறாம் தலைமுறை, 4 ஜிபி ரேம், 500 ஜிபி ஹார்ட் டிஸ்க், விண்டோஸ் 10.

காலையில பட்டனை அமுத்திட்டுப் போய் பால் காய்ச்சி, காப்பி போட்டுக் குடிச்சு, டம்ளரையும் கழுவிக் கவுத்திட்டு வந்தா, அந்த வட்டம் இன்னும் சுத்திக்கிட்டே இருக்கும். அதுக்குப் பழகிட்டேன். ஆனா போன மாசத்துல இருந்து உள்ள ஒரு சத்தம், பல்லி சொல்ற மாதிரி டிக்... டிக்...னு. எந்தத் திசைப் பல்லி, என்ன பலன்னு பஞ்சாங்கத்துலயும் இல்லை.

பேட்டரி செத்து ரெண்டு வருஷமாச்சு, நேரா கரண்டுலதான் ஓடுது. இங்க மழைக்காலத்துல சில்வர் ஓக் கிளை ஒண்ணு கம்பியில சாஞ்சாப் போதும், கரண்டும் போகும், கூடவே லேப்டாப்பும் அணையும். ஒரே நாள்ல நாலு தடவைகூட நடந்திருக்கு.

சேலத்துல ஒரு கடையில காட்டினேன். எஸ்எஸ்டின்னு சுத்துற தட்டு இல்லாத சிப் டிஸ்க் போட்டா பறக்கும், ஏழாயிரம் ஆகும், உள்ள இருக்கிற டேட்டாவுக்கு மட்டும் நான் பொறுப்பில்லைன்னார். எனக்கு வேணுங்கிறதே அந்த டேட்டாதானே? லேப்டாப்பைத் திரும்ப வாங்கி மடியில வச்சுக்கிட்டு இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறி வந்துட்டேன்.

நான் காப்பிப் பழத் தோல் உரிக்கிற பல்ப்பர் மெஷினைக் கழட்டி மாட்டுற ஆளுதான், ஸ்க்ரூ டிரைவர் பயம் இல்லை. எஸ்எஸ்டியில சாட்டா, எம்.2, என்விஎம்இன்னு வகை வகையாச் சொல்றாங்களே, எதை வாங்குறது? டேலி சாப்ட்வேர்ல இருக்கிற கணக்கு அப்படியே வருமா? நேத்து ராத்திரி ஒரு வீடியோவைப் பார்த்து செக் டிஸ்க் போட்டு விட்டேன். விடிஞ்சும் 27 சதவீதத்துலயே நிக்குது. ஓடட்டும்னு விட்டுடவா?

ஐந்து ரோடு சர்வீஸ்காரன்:

ரைட்டர் சார், முதல்ல அதை நிறுத்துங்க. இத்தனை நேரம் ஒரே இடத்துல நிக்குதுன்னா அங்க டிஸ்க்கால படிக்க முடியலைன்னு அர்த்தம். திரும்பத் திரும்ப அதே இடத்துல முட்ட வச்சா, மிச்சம் இருக்கிற உசுரும் போயிரும். செக் டிஸ்க் ஃபைல் அமைப்பைச் சரி பண்ணும், சாகப்போற டிஸ்கைப் பிழைக்க வைக்காது.

வேகத்தை மறந்துட்டு இப்போ ஒரே வேலை பாருங்க. டிஸ்கைக் கழட்டி, சாட்டா டு யுஎஸ்பி கேபிள் போட்டு வேற கம்ப்யூட்டர்ல மாட்டுங்க. டேலி ஃபோல்டருக்குள்ள டேட்டான்னு இருக்கும், அதுக்குள்ள 10000, 10001னு நம்பர் போட்ட ஃபோல்டர்கள். அதுதான் உங்க கணக்கு, முதல்ல அதை எடுங்க. ரெண்டாவது சம்பள எக்செல். போட்டோ, பாட்டு எல்லாம் கடைசி. ஒரு ஃபைல்ல திணறுச்சுன்னா அதை விட்டுட்டு அடுத்ததுக்குப் போங்க.

உங்க மாடலுக்கு 2.5 இன்ச் சாட்டா எஸ்எஸ்டி, 7 மில்லிமீட்டர் தடிமன். பழைய டிஸ்க் 9.5 மில்லிமீட்டரா இருந்தா ஆடாம இருக்க ஒரு பிளாஸ்டிக் சட்டம் வைக்கணும். அட்டையில ஸ்பீடு அதிகமாப் போட்டிருக்கேன்னு என்விஎம்இ வாங்கிடாதீங்க, உங்க டிஸ்க் இருக்கிற இடத்துல அது உட்காராது.

உங்க ஹார்ட் டிஸ்க் அனேகமா நிமிஷத்துக்கு 5400 சுத்து. தட்டுல வேணுங்கிற இடம், படிக்கிற தலைக்குக் கீழ வந்து சேரவே சராசரியா அரைச் சுத்து, அதாவது அஞ்சரை மில்லி செகண்டு. தலை நகர்ற நேரம் தனி. செக்ரோல்ல ஒவ்வொரு பேருக்கும் ஒரு பக்கம் புரட்டுற மாதிரி, விண்டோஸ் தொடங்கும்போது ஆயிரக்கணக்கான சின்ன ஃபைலுக்கு இப்படிப் புரட்டணும். எஸ்எஸ்டியில புரட்டுற வேலையே இல்லை. நீங்க காப்பி குடிச்ச நேரமெல்லாம் அங்கதான் போச்சு.

பென்குயின் பிரியன்:

விண்டோஸ் 10 ஆதரவு 2025 அக்டோபர் 14ஓட முடிஞ்சுது. ஆறாம் தலைமுறைக்கு விண்டோஸ் 11 முறைப்படி கிடையாது. விண்டோஸுக்குப் பதிலா லினக்ஸ் மின்ட் போட்டுட்டு நிம்மதியா இருங்க.

அம்மாபேட்டை ஜக்கார்டு:

பென்குயின் தம்பி, டேலிக்கு விண்டோஸ் வேணும்பா. அவருக்கு சனிக்கிழமை சம்பளம் போடணும்.

ரைட்டர் அண்ணா, நான் சேலைக்கு ஜக்கார்டு டிசைன் போடுறவ. போன வருஷம் என் லேப்டாப்புக்கு நானே மாத்தினேன். டிஸ்க் நல்லா இருந்ததால க்ளோன்சில்லாங்கிற சாப்ட்வேர் வச்சு டிஸ்கை அப்படியே நகல் எடுத்துடலாம்னு உட்கார்ந்தேன். 500 ஜிபியில இருந்து 480க்குப் போகாதுன்னு நின்னுருச்சு. உள்ள 120 ஜிபிதான் இருக்குன்னாலும் அது பாக்குறது டிஸ்க் அளவை. பார்ட்டிஷனைச் சுருக்கி, திரும்பப் படிச்சு, ஒரு ஞாயித்துக்கிழமையே போச்சு. உங்க டிஸ்க் அடி வாங்கினது, நகல் எடுக்காதீங்க, விண்டோஸைப் புதுசாப் போடுங்க. ஏற்கெனவே ஆக்டிவேட் ஆகியிருந்தா, அதே மதர்போர்டுங்கிறதால நெட் கனெக்ட் பண்ணதும் அதுவே ஆயிரும். ஆனா லேப்டாப் இன்னும் ஆன் ஆகுதுன்னா, டேட்டாவை எடுத்ததும் டேலி லைசன்ஸை சரண்டர் பண்ணிட்டு, அதாவது பழைய டிஸ்க்ல இருந்து விடுவிச்சுட்டு, மாத்துங்க.

பேட்டரியைக் கழட்டிட்டுத்தான் உள்ள கை வைக்கணும். ரப்பர் காலுக்கு அடியிலயும் ஸ்க்ரூ ஒளிஞ்சிருக்கும். எல்லாம் ஒரே நீளமும் இல்லை. ஒரு அட்டையில லேப்டாப் படம் வரைஞ்சு அந்தந்த இடத்துல குத்தி வைங்க. நான் குத்தாம விட்டு, நீள ஸ்க்ரூவைக் குட்டை ஸ்க்ரூ இடத்துல முடுக்கினேன். கை வைக்கிற இடத்துல இன்னைக்கும் ஒரு பரு இருக்கு.

ஐந்து ரோடு சர்வீஸ்காரன்:

சொல்ல மறந்துட்டேன். புது பேட்டரியும் சேர்த்து வாங்குங்க, இல்லைன்னா ஒரு யுபிஎஸ். எழுதிக்கிட்டு இருக்கும்போது கரண்டு போனா எஸ்எஸ்டிக்கும் ஆபத்துதான். ஹார்ட் டிஸ்க் சாகுறதுக்கு முன்னாடி பல்லி மாதிரி சத்தமாவது போடும். எஸ்எஸ்டி சொல்லாமக் கொள்ளாமப் போயிரும். சம்பளம் போட்ட அன்னைக்கே டேலி ஃபோல்டரைப் பென் டிரைவ்ல எடுத்து வைங்க.

காப்பித்தோட்ட ரைட்டர்:

முடிஞ்சுதுங்க. மாமா பையனோட கம்ப்யூட்டர்ல மாட்டி எடுத்தேன். டேலி ஃபோல்டர் அஞ்சு நிமிஷம்கூட ஆகலை, முழுசா வந்துருச்சு. எக்செலும் வந்துருச்சு. பொண்ணோட காலேஜ் போட்டோவுலதான் மாட்டிக்கிச்சு. மூணு மணி நேரம் போராடி பாதிக்கு மேல எடுத்தேன். மிச்சம் இருக்கிற விஷயத்தை அவகிட்ட இன்னும் சொல்லலை. பழைய டிஸ்கைப் பாலித்தீன்ல சுத்தி பீரோவுல வச்சிருக்கேன்.

480 ஜிபி போட்டாச்சு, பேட்டரியும் மாத்தியாச்சு. இப்போ பட்டனை அமுத்திட்டு அடுப்பு பத்த வைக்கிறதுக்குள்ள வந்து நிக்குது. நேத்து சாயங்காலம் மழையில கரண்டு போச்சு, நான் பாட்டுக்கு எடை ஏத்திக்கிட்டு இருந்தேன். மேஸ்திரி டார்ச்சைத் தூக்கிக்கிட்டு வந்து எட்டிப் பார்த்துட்டுப் போனார்.

அட்டையில குத்தித்தான் வச்சேன். எல்லாம் மாட்டின பிறகு கீழ துணியில ஒரு ஸ்க்ரூ கிடக்குது. படத்துல அதுக்கு இடமே இல்லை. லேப்டாப் நல்லாத்தான் ஓடுது. விட்டுடலாமா?

ஐந்து ரோடு சர்வீஸ்காரன்:

பக்கவாட்டுல டிவிடி டிரைவ் இருக்குமே, அதைப் பிடிச்சு மெல்ல இழுத்துப் பாருங்க சார்.

காப்பித்தோட்ட ரைட்டர்:

கையோட வந்துருச்சுங்க.